மொட்டைமாடியில் ஒரு மின்சார ஆலை!

குன்றத்தூர் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? மலைமேல் முருகன் கோவில். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பட்டு நெசவு.

மலைப்படி ஏறி மேலே போய் நின்று பாருங்கள். கீழே நாலு பக்கமும் வீடுகள்! எங்கு பார்த்தாலும் மொட்டைமாடி. அந்த மாடிகளின் மேல் காலை முதல் மாலை வரை வெயில் கொட்டுகிறது. துணி காய்கிறது. வடாம் காய்கிறது. மற்ற வெயில் எல்லாம் வீணாகப் போகிறது.

அந்த வெயிலை மின்சாரமாக மாற்றினால், சர்க்கார் பணம் தருகிறது. எவ்வளவு? 78 ஆயிரம் ரூபாய் வரை!

இது பலருக்குத் தெரியும். ஆனால், அந்தப் பணத்தை வாங்கும் வழிதான் பலருக்குத் தெரியாது.

வெயில் எப்படி மின்சாரம் ஆகிறது?

1839-ம் ஆண்டு. பிரான்சு நாட்டில் பெக்கரல் என்ற 19 வயது வாலிபர் ஒரு பரிசோதனை செய்தார். சில பொருள்கள் மீது வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார்.

அது பயனுக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் என்ற மூன்று விஞ்ஞானிகள் சிலிக்கனைக் கொண்டு சூரிய மின்கலம் செய்தார்கள். மணலில் இருந்து எடுக்கப்படும் பொருள்தான் சிலிக்கன். அதன் மீது விழுந்த வெயிலில் 100-க்கு 6 பங்கு மின்சாரமாக மாறியது. இன்று கடையில் விற்கும் தகடுகளில் 100-க்கு சுமார் 20 பங்கு மாறுகிறது.

ஒரு கிலோவாட் தகடு வைக்க மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். அது நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். மழை நாளில் குறையும். சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடும்.

"அப்படியானால் நான் துணி எங்கே உலர்த்துவது?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கலாம். கவலை வேண்டாம். இரும்புச் சட்டத்தை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி அமைத்தால், அடியில் நடமாடலாம். கொடியும் கட்டலாம். அதற்குச் செலவு கொஞ்சம் கூடும்.

மூன்று திட்டங்கள்

தமிழ்நாட்டில் இந்த முயற்சி புதிது அல்ல.

2011-ல் தமிழக சர்க்கார் பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30 ஆயிரம் ரூபாய் சூரிய விளக்குகளுக்காக ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடு, 5 ஆண்டில் 3 லட்சம் வீடு என்று இலக்கு வைத்தார்கள். சொந்த வீட்டில், சொந்த வெயிலில் விளக்கு எரிந்தது!

2012-ல் தமிழகத்தின் சூரிய சக்திக் கொள்கை வெளியிடப்பட்டது. 2015-க்குள் 3 ஆயிரம் மெகாவாட் என்பது குறி. மாடியில் தகடு வைக்கும் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 20 ஆயிரம் ரூபாய் மானியம் தர ராஜ்ய சர்க்கார் முன்வந்தது. அது, மத்திய சர்க்கார் கொடுத்த 30 சதவிகித மானியத்துக்கு மேல் தந்த பணம். ஆனாலும், குறித்த காலத்தில் 3 ஆயிரம் மெகாவாட்டை எட்ட முடியவில்லை.

மூன்றாவதுதான் இப்போதைய பெரிய திட்டம். பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இதை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளுக்கு என்று 75 ஆயிரத்து 21 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2026-27 நிதியாண்டு வரை நடக்கும் என்று அறிவித்த திட்டம் இது. பணம் தருவது மத்திய சர்க்கார். தமிழ்நாட்டில் மீட்டர் வைத்து இணைப்புத் தருவது நம் மின்சார வாரியம்.

எவ்வளவு கிடைக்கும்?

1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம் ரூபாய்.

2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம் ரூபாய்.

3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் 78 ஆயிரம்தான்.

இந்தத் தொகை எப்படி வந்தது? 1 கிலோவாட்டுக்கு 50 ஆயிரம் ரூபாய் செலவு என்று சர்க்கார் கணக்குப் போட்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு அதில் 60 சதவிகிதம் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 45 ஆயிரம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 40 சதவிகிதம். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது.

அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து வாங்கலாம். பொது விளக்கு, லிப்டு, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்காகத் தகடு வைத்தால் கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் ரூபாய் கிடைக்கும்.

47 லட்சமும் 10 லட்சமும்

திட்டம் எப்படி நடக்கிறது? ஒரு கணக்கைப் பாருங்கள்.

2025 மார்ச் மாதம், நாடு முழுவதும் 10 லட்சம் வீடுகளின் மாடியில் தகடு ஏறிவிட்டது என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அன்று வரை வந்திருந்த விண்ணப்பங்கள் எத்தனை? 47 லட்சத்துக்கு மேல்! மானியப் பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தது 6 லட்சத்து 13 ஆயிரம் பேருக்கு.

அதாவது, 47 பேர் மனுப் போட்டார்கள். 10 பேர் வீட்டில் வேலை முடிந்தது. 6 பேர் பணம் வாங்கினார்கள்.

அப்போது முதலில் நின்றது குஜராத். தமிழ்நாடு பின்னால்தான் நின்றது. ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனது. கொஞ்சமாக மின்சாரம் செலவழிக்கிற வீட்டுக்குப் பில் பாரமே இல்லை. அப்படிப்பட்டவர்கள் கடன் வாங்கித் தகடு வைக்க அவசரப்படத் தேவை இல்லை.

ஆனால், குளிர்சாதன எந்திரம், துணி துவைக்கும் எந்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் உள்ள வீடு வேறு. யூனிட் ஏற ஏற, ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. அந்த வீட்டுக்குத்தான் இது லாபம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

குன்றத்தூரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் செலவு. வெயில் காலத்தில் பில் வந்தால் வீட்டில் சண்டை!

"என்னங்க, நாமும் மாடியில் தகடு வைத்தால் என்ன?" என்கிறாள் மனைவி.

அவர்கள் 2 கிலோவாட் வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு சராசரி 8 யூனிட் வருகிறது. இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்!

பகலில் வீட்டில் 3 யூனிட் செலவு. மீதி 5 யூனிட் கம்பி வழியாக வெளியே மின்வாரியத்துக்குப் போகிறது. இரவில் சூரியன் இல்லை. அப்போது வாரியத்தில் இருந்து 6 யூனிட் வருகிறது. கொடுத்தது 5, வாங்கியது 6. ஆகவே கணக்கில் நிற்பது 1 யூனிட் மட்டுமே! இந்த வரவு செலவை எழுதுவதற்கென்றே இருவழி மீட்டர் வைக்கிறார்கள். உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் அது தனித்தனியாகக் காட்டும்.

மானியம் வாங்கும் வழி

வழி இதுதான். வரிசை மாறக்கூடாது.

ஒன்று: சர்க்காரின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. "பணம் கட்டு, மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது போனில் சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு: அனுமதி. 2024 பிப்ரவரியில் வந்த புதிய விதிப்படி, 10 கிலோவாட் வரை தனி ஆய்வு தேவை இல்லை. மனுவை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

மூன்று: பதிவு பெற்ற நிறுவனத்திடம்தான் வேலை கொடுக்க வேண்டும். தகடும், அதற்குள் இருக்கும் மின்கலமும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டுத் தகட்டை வைத்தால் மின்சாரம் வரும், மானியம் வராது!

நான்கு: வேலை முடிந்ததும் இருவழி மீட்டருக்கு மனு. 15 நாளில் வாரியம் மீட்டர் வைத்து இணைப்புத் தர வேண்டும் என்பது விதி.

ஐந்து: அதிகாரிகள் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு, பாங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் பணம் நேராகக் கணக்கில் விழும் என்பது ஏற்பாடு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மானியம் கடைசியில்தான் வருகிறது. முழுப் பணத்தையும் முதலில் நாம் புரட்ட வேண்டும். நகையை அடகு வைக்க வேண்டியது இல்லை. 3 கிலோவாட் வரை ஈடு இல்லாமல் பாங்கியில் கடன் கிடைக்கும். திட்டத்தை அறிவித்தபோது வட்டி சுமார் 7 சதவிகிதம்.

மீட்டரில் யார் பெயர்?

பலருடைய மனு தடுக்கி விழக்கூடிய கல் ஒன்று இருக்கிறது. அது மாடியில் இல்லை. மின்சார அட்டையில் இருக்கிறது!

நாம் பார்த்த குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியவர் பாட்டியின் கணவர். மின் இணைப்பு அவர் பெயரில். அவர் காலமாகிப் பல ஆண்டு ஆயிற்று. மகன் மாதம் தவறாமல் பில் கட்டி வருகிறார். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மனுப் போடுகிறவர் பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இறந்துபோனவர் பெயருக்கு மானியம் எப்படி வரும்?

இதற்கு வழி என்ன? முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாம் வேண்டும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை இருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும். தகடு வாங்கிய பிறகு இதைத் தொடங்கினால், மானியம் காத்துக் கிடக்கும். கடன் வட்டி காத்திராது!

வாடகை வீட்டில் இருப்பவருக்கு மாடி சொந்தம் இல்லை. ஓலை வீட்டுக்காரருக்கு மாடியே இல்லை. இந்த மானியம் சொந்தக் கூரை உள்ளவரைத்தான் தேடி வருகிறது. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

மேலும் இரண்டு விஷயம்

மின்சாரம் நின்றால் சூரிய மின்சாரம் வருமா? வராது! வீதியில் கரண்டு நின்றதும் மாடி எந்திரமும் தானாக நின்றுவிடும். ஏன்? கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் மின் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது அல்லவா? ஓர் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. இரவுக்கும் மின்தடைக்கும் வேண்டும் என்றால் பேட்டரி தனியாக வைக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

மற்றொன்று புயலும் வெள்ளமும். 2015-ல் அடையாற்று வெள்ளத்தையும், 2016-ல் வர்தா புயலையும், 2023-ல் மிக்ஜாம் புயலையும் கண்ட பகுதி இது. ஆகவே சட்டத்தை மாடித் தளத்தில் கெட்டியாகப் பிணைக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டியை, வெள்ளம் எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தென்னை மரத்தின் நிழல் தகட்டில் விழாமல் பாருங்கள். தூசியை அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

தகடு 25 ஆண்டு உழைக்கும். கடன் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பிறகு வருவது எல்லாம் குடும்பத்துக்கு மிச்சம். பிள்ளையின் படிப்புக்கு ஆகும். பாட்டியின் மருந்துக்கு ஆகும்.

சூரியன் யாரிடமும் பத்திரம் கேட்பது இல்லை. எல்லா மாடிக்கும் ஒரே மாதிரி வெயில் தருகிறான். ஆனால், சர்க்கார் பணம் காகிதத்தில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் வரும்.

ஆகவே, கடைக்குப் போய்த் தகட்டின் விலை கேட்கும் முன், வீட்டில் இருக்கும் மின்சார அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?