பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் பி53 காவலரும்

மாணவர்களே, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. சிலரிடம் புகையிலையும் இருக்கும். தோட்டப்புறத்தில் நம் முன்னோர் பலருக்கு இருந்த பழக்கம் இது.

நம் 17ஆவது குரோமோசோமில் பி53 புரதத்தை உருவாக்கும் மரபணு உள்ளது. உயிரணுவின் டிஎன்ஏ சேதமடைந்தால், இப்புரதம் உயிரணுப் பிரிவை நிறுத்திப் பழுதுபார்க்க நேரம் தருகிறது. சரிசெய்ய முடியாவிட்டால், அந்த உயிரணு தானே அழியும்படி செய்கிறது. 1979இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தைக் ‘காவலர்’ என்றே அறிவியலாளர்கள் அழைக்கின்றனர்.

புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும்போது, அதிலுள்ள நைட்ரோசமின்கள் அந்த இடத்திலேயே நெடுநேரம் படுகின்றன. அவை உடலில் மாற்றமடைந்து டிஎன்ஏவுடன் ஒட்டிக்கொள்கின்றன. இச்சேதம் பி53 மரபணுவையே மாற்றிவிட்டால் காவலர் செயலிழக்கிறார். பழுதான உயிரணுக்கள் தடையின்றிப் பிரிகின்றன. வேறு மரபணு மாற்றங்களும் சேரும்போது வாய்ப்புற்றுநோய் உருவாகிறது.

புகையிலை போடாவிட்டால் ஆபத்தில்லையா? அப்படியில்லை. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. “ஒன்னுமில்லைய்யா” என்பார் பாட்டி. வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால், அவரைப் பல் மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.