கம்ப்யூட்டரை ஜெயித்த கணக்குப்பிள்ளை

பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட். (குபேர் அங்காடி என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்!) அங்கே ஒரு மொத்த மளிகைக் கடைக்கு, பி.காமும் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்த அடியேன் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதல் ஆறு மாதம் பறந்தது. பில் வரிகள் இருபது லட்சத்தைத் தாண்டியதும், அந்த அரதப் பழசு பி.சி.யில் ஒருத்தர் பாக்கியைக் கேட்டால் நாற்பது செகண்ட்!

கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயசிருக்கும். என்னை நம்பாமல் தனியாக எழுதி வந்த பேரேட்டை எடுத்தார். முன்பக்க அட்டவணையில் விரலை ஓட்டினார். பக்கம் 212. புரட்டினார்.

"மூவாயிரத்து நானூறு பாக்கி. இன்னா தம்பி, உங்க பெட்டி இன்னும் யோசிக்குதா?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு வரவேண்டிய பராமரிப்புப் பணம் எழுந்து மீன் கடைப் பக்கம் நடந்து போவது தெரிந்தது.

ராத்திரி உட்கார்ந்து, 'செலக்ட்' கட்டளைக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று ஒரு வார்த்தை போட்டேன். மைஎஸ்க்யூஎல் உண்மையைக் கக்கிவிட்டது. 'டைப்' என்ற இடத்தில் 'ஆல்'! அதாவது ஒரே ஒரு ஆளைத் தேட இருபது லட்சம் வரியையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அட்டவணை இல்லாத பேரேடு! மூணு வருஷம் அக்கவுண்ட்ஸ் படித்தவன் செய்கிற காரியமா இது?

வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டேன். உள்ளே வேலை செய்வது பி-ட்ரீ. 1970-ல் போயிங் ஆராய்ச்சிக்கூடத்தில் பேயர், மெக்கிரைட் என்ற இருவர் உருவாக்கியது. லட்சக்கணக்கான வரிகளிலும் மூன்று, நான்கு படி இறங்கினால் ஆள் அகப்படுவார். நாற்பது செகண்ட், கண் சிமிட்டும் நேரமானது.

சும்மா இருப்பேனா? எல்லா காலத்துக்கும் இண்டெக்ஸ்! பழைய வருஷத்து பில்களை ஏற்ற ஆரம்பித்தால், சாயங்காலமாகியும் முடியவில்லை. ஒரு வரி ஏறினால் பதினோரு அட்டவணையிலும் எழுத வேண்டுமே! தினமும் தேடுகிற மூன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கழற்றினேன்.

இன்னொரு வம்பு. பெயரில் இண்டெக்ஸ் இருந்தும், 'குமார்' என்று முடிகிறவர்களைக் கேட்டால் மறுபடி தூங்கியது. அகரவரிசை முதலெழுத்திலிருந்துதானே? கடைசி எழுத்தைச் சொல்லித் தேடச் சொன்னால் கணக்குப்பிள்ளையும் பேரேடு முழுக்கப் புரட்டத்தான் வேண்டும்.

பெருமையாக அவரிடம் ஓட்டிக் காட்டினேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாக்கி திரையில்!

"நல்லாத்தான் இருக்கு" என்றவர், பேரேட்டை மட்டும் மூடவில்லை.

"கரண்ட் போச்சுன்னா?"