அவமானத் தண்டனை: நீதிமன்றங்கள் விதிக்கலாமா?

குற்றவாளியைப் பலர் பார்க்க நிறுத்தி, அவர் செய்த குற்றத்தை ஊரறியச் செய்து, அவரை வெட்கித் தலைகுனிய வைப்பதையே தண்டனையாக விதிப்பது அவமானத் தண்டனை எனப்படும். சிறைத் தண்டனை ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கிறது. அபராதம் அவருடைய பணத்தைப் பறிக்கிறது. அவமானத் தண்டனை அவருடைய மானத்தைப் பறிக்கிறது. இது பழங்காலத்தோடு முடிந்துபோன வழக்கமன்று. அண்மைப் பத்தாண்டுகளில் அமெரிக்க நீதிபதிகள் சிலர் இதை மீண்டும் கையில் எடுத்ததால், இது சரியா என்ற விவாதமும் மீண்டும் எழுந்தது.

வரலாறு

தவறு செய்தவரைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றும் வழக்கத்தைத் தமிழர் இன்றும் பேச்சில் நினைவுகூர்கின்றனர். வட இந்தியாவில் முகலாயர் காலத்திலும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களிலும், குற்றவாளியைக் கழுதைமேல் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசெல்லும் தண்டனை இருந்தது.

இங்கிலாந்தில் குற்றவாளியின் தலையையும் கைகளையும் ஒரு மரச்சட்டத்தின் துளைகளில் மாட்டி, சந்தைவெளியில் நிறுத்தினர். ‘ராபின்சன் குரூசோ’ கதையைப் பின்னாளில் எழுதிய டேனியல் டீஃபோ, ஆட்சியாளர்களைச் சினமூட்டிய ஒரு துண்டறிக்கைக்காக 1703-இல் மூன்று நாள் இவ்வாறு நிறுத்தப்பட்டார். கூட்டம் அவர்மீது பூக்களை வீசியதாகக் கூறப்படுகிறது. 1732-இல் பொய்க் குற்றம் சாட்டிய ஒருவரை லண்டனில் அதே சட்டத்தில் நிறுத்தியபோது, கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ஒரே தண்டனை ஒருவருக்குப் பாராட்டாகவும் மற்றொருவருக்கு மரணமாகவும் முடிந்தது. இரண்டையும் தீர்மானித்தவர் நீதிபதி அல்லர்; வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே. 1837-இல் இங்கிலாந்து இத்தண்டனையை அடியோடு ஒழித்தது.

அதே 1837-இல், மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை முடித்தது. பொது இடத்தில் அவமானப்படுத்துவதைத் தண்டனைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஆராய்ந்த ஆணையம், வேண்டாம் என்று முடிவு செய்தது. தண்டனைகளிலேயே மிகவும் சமனற்றது இதுதான் என்பது அதன் வாதம். மானமுள்ளவனுக்கு இது மரணத்தைவிடக் கொடியது. பலமுறை கூண்டில் நின்று மரத்துப்போனவனுக்கோ இது ஒரு பொருட்டே அன்று. ஆகவே யாருக்குக் கடுமை தேவையில்லையோ அவரையே இது கடுமையாகத் தாக்குகிறது என்று ஆணையம் விளக்கியது. 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இத்தண்டனை இடம்பெறவில்லை.

அமெரிக்க வழக்குகள்

சான் பிரான்சிஸ்கோவில் பிறருடைய அஞ்சலைத் திருடிய ஓர் இளைஞருக்கு 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டு மாதச் சிறையுடன் வேறு சில நிபந்தனைகளையும் விதித்தது. ‘நான் அஞ்சலைத் திருடினேன், இது என் தண்டனை’ என்ற பொருளில் எழுதிய பலகையைச் சுமந்து, அஞ்சலகத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவதும், பள்ளி மாணவர்களிடம் தம் குற்றத்தைப் பற்றிப் பேசுவதும் மற்றவை. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றது. நிபந்தனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் நோக்கம் திருத்துவதே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

எல்லா நீதிமன்றங்களும் இவ்வழியில் செல்லவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் காரில் அதை அறிவிக்கும் பலகை ஒட்ட வேண்டும் என்ற ஆணையை நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் நீக்கியது. வீட்டு வாசலில் ‘இங்கே வன்முறைக் குற்றவாளி வாழ்கிறார்’ என்ற எச்சரிக்கைப் பலகை வைக்கும் ஆணையை இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் 1997-இல் நீக்கியது.

ஆதரவு வாதங்கள்

இத்தண்டனையை ஆதரிப்போர் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. சிறை செலவு மிக்கது. சிறு குற்றவாளி அங்கே பெரிய குற்றங்களைக் கற்றுத் திரும்பக்கூடும். அவர் வேலையை இழந்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். அபராதமோ பணக்காரருக்கு ஒரு கட்டணம் போன்றது, கட்டிவிட்டுப் போய்விடுவார். அவமானத் தண்டனை செலவில்லாமல், ‘இது தவறு’ என்று சமூகம் உரக்கச் சொல்ல வழி செய்கிறது. 1996-இல் இவ்வாறு வாதிட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டான் காகன். ஆனால் 2006-இல் அவரே தம் நிலைப்பாட்டைக் கைவிட்டார்.

எதிர்ப்பு வாதங்கள்

முதலாவது, அளவு. மூன்று மாதச் சிறை என்றால் மூன்று மாதமே. அவமானத்துக்கு அப்படி ஓர் எல்லையை நீதிபதியால் வகுக்க முடியாது. எவ்வளவு தண்டனை என்பதை அவர் முன்பின் அறியாத கூட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். சட்ட அறிஞர் ஜேம்ஸ் விட்மன் 1998-இல் சுட்டிக்காட்டிய முக்கியமான குறை இதுவே. இன்று இது மேலும் கூர்மையாகிறது. கைப்பேசியில் பதிவாகி இணையத்தில் ஏறிய படத்துக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கில்லை.

இரண்டாவது, குற்றமற்றவர்கள். தந்தை பலகையோடு நிற்கும் படம் பரவினால், மறுநாள் பள்ளியில் கேலிக்கு ஆளாவது அவர் பிள்ளை.

மூன்றாவது, மனித மாண்பு. குற்றவாளியும் மனிதரே. அவரைக் காட்சிப்பொருளாக்குவது அவர் செயலைக் கண்டிப்பதோடு நிற்பதில்லை; அவரையே கீழானவராக அறிவிக்கிறது. தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் இக்காரணத்தாலேயே இத்தண்டனையை எதிர்க்கிறார்.

இந்தியச் சட்டத்தின் நிலை

ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் குற்றவாளியைப் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிட ஆணையிட்டது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றம் எவ்வளவு கொடியதாயினும், பொது இடத்தில் தூக்கிலிடுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை மீறும் என்று கூறியது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) இங்கு மிகவும் கவனிக்கத்தக்கது. முகத்தில் சாயம் பூசுதல், ஆடை களைந்து ஊர்வலம் விடுதல் போன்ற செயல்களை அச்சட்டம் குற்றமாக்கியது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் செருப்பு மாலை அணிவித்தல், மொட்டை அடித்தல், மீசையை மழித்தல் ஆகியவற்றையும் சேர்த்தது. பொது அவமானம் இந்த நாட்டில் நெடுங்காலம் யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதற்கு இப்பட்டியலே சான்று. ஒடுக்குவோரின் கையில் குற்றமாகும் கருவியை நீதிமன்றம் தன் கையில் எடுப்பது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி இங்கு எழுகிறது.

மாற்று வழி

அவமானத் தண்டனையை மறுப்பது வெட்க உணர்வையே மறுப்பதாகாது. ஆஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். முத்திரை குத்தி ஒதுக்குவது ஒரு வகை; செயலைக் கண்டித்து, மனிதரை மீண்டும் சேர்த்துக்கொள்வது மற்றொரு வகை. முதல் வகை குற்றவாளியை மேலும் குற்றத்தின் பக்கம் தள்ளும் என்பதும், இரண்டாவது வகையே திருத்தும் என்பதும் அவர் கருத்து. தம் பொருளைப் பறிகொடுத்தவரின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும்போது வரும் வெட்கம், தெருவில் பலகையோடு நிற்கும்போது வருவதிலிருந்து வேறானது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்துள்ளது. ஊதியமின்றிச் சமூகத்துக்குப் பயன்படும் வேலையைச் செய்வதே இதன் பொருள். சிறு குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் பொறுப்பேற்க வைக்கும் நல்ல வாய்ப்பு இது. ஆனால் மருத்துவமனையைத் துப்புரவு செய்பவரின் கழுத்தில் ஒரு பலகையை மாட்டினால், அல்லது அவரைப் படமெடுத்துப் பரப்பினால், அதுவே அவமானத் தண்டனையாக மாறிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் காப்பது ஆணையிடும் நீதிபதியின் கடமை. தண்டனையின் அளவை நீதிமன்றம் தானே வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்திடம் கொடுத்துவிடக் கூடாது.