ட்ரோன் பற்றரியைப் பேணும் முறை

நிறைகுடம் தளும்பாதென்பர். ட்ரோனை இயக்கும் இலிதியம் பொலிமர் பற்றரிக்கோ நிறைவே பகையாகும். எம் மாணவருட் பலர் அடுத்த விடுமுறைக்கு உதவுமென எண்ணி, அதனை முற்றாக மின்னேற்றி அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். நிறைவோடு வெப்பமும் சேர்ந்தால், உள்ளிருக்கும் மின்பகுபொருள் மெல்லச் சிதைந்து வாயு தோன்றும், கலம் வீங்கும்.

சாதாரண கலமொன்றின் நிறைவு 4.2 வோல்ற்று. பல நாள்கள் வைப்பதாயின் 3.8 வோல்ற்றளவில், வெப்பமில்லாத இடத்தில், தீப்பற்றாத பெட்டியில் வைத்தல் நன்று. வெறுமையாக வைத்தலும் கேடே. கலத்தை 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவிடலாகாது. மிகவும் இறங்கினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, மீண்டும் மின்னேற்றும்போது குறுஞ்சுற்று உண்டாகக்கூடும்.

பறந்து வந்த பற்றரி ஆறிய பின்னரே மின்னேற்றுக. கலங்களைச் சமப்படுத்தும் உரிய மின்னேற்றியையே கொள்க. 1500 மில்லியம்பியர் மணி கொள்ளளவுக்கு 1.5 அம்பியர் போதும். வீங்கியதைக் குத்துதலோ, அழுத்துதலோ, மறுபடி மின்னேற்றுதலோ ஆகாது. வீட்டுக் குப்பையிலும் எறியலாகாது.

இப்பற்றரி தீப்பற்றினால் நொடிப்பொழுதிற் பெருந்தீயாகும். ஆதலின், இரவிலே மின்னேற்றவிட்டு உறங்கும் வழக்கத்தைப் பெற்றோர் தம் இல்லங்களில் அறவே தடுத்தல் வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.