அன்னப் பாலமும் துறைமுகத்து இரவும்



சென்ற மாரிக்காலத்தில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, ரொட்டர்டாம் நகரின் எராஸ்மஸ் பாலத்தை இரவு வேளையில் தன் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வந்து காட்டினாள். படத்திலே பாலம் கலங்கிய மஞ்சட் புகையாகத் தெரிந்தது. "கண்ணுக்கு வடிவாய்த் தெரிந்தது, சேர். படத்தில் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாள். அன்று அவளுக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து எழுதியதே இக்கட்டுரை.

பாலத்தை அறிதல்

ஒரு பொருளைப் படம்பிடிக்குமுன் அதனை அறிந்துகொள்ளல் நன்று. நியூவ மாஸ் ஆற்றின் குறுக்கே அமைந்த இப்பாலம் 1996 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் பென் வான் பெர்க்கல் என்னும் கட்டடக் கலைஞர். பாலத்தின் நீளம் 802 மீற்றர். சாய்ந்து நிற்கும் ஒற்றைக் கோபுரத்தின் உயரம் 139 மீற்றர். அக்கோபுரத்திலிருந்து விசிறிபோல விரியும் உருக்கு வடங்கள் பாலத்தின் தளத்தைத் தாங்குகின்றன. உயர்ந்த கப்பல்கள் செல்லும்போது தென்பகுதியிலுள்ள தளம் மேலெழுந்து வழிவிடும். கோபுரத்தின் வளைவு பறவையின் கழுத்தை ஒத்திருப்பதால் நகர மக்கள் இதனை "அன்னம்" என்றே அழைக்கின்றனர்.

பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், காற்றும் மழையும் சேர்ந்தடித்த வேளையில் வடங்கள் பெரிதும் அதிர்ந்தன. மழைநீர் வடத்தின் மேல் வரியாக வழியும்போது அதன் உருண்டை வடிவம் சிறிது மாறுகிறது. அந்தச் சிறு மாற்றமே காற்றின் விசையை அதிர்வாக்கியது. பின்னர் அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. நீங்கள் அருகிற் சென்றால் வடங்களின் அடியில் அவற்றைக் காணலாம்.

ஒளியைச் சேமித்தல்

இனிப் படத்துக்கு வருவோம். பகலில் ஒளி பெருமழைபோலப் பொழிகிறது; வாளி நொடியில் நிரம்பிவிடும். இரவிலோ சிறுதூறல். அதே வாளி நிரம்ப நேரம் வேண்டும். கமராவின் வாயில் திறந்திருக்கும் அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கும். மாணவியின் படத்துக்கு நேர்ந்தது இதுவே.

ஒளியை அளப்பவை மூன்று: வில்லையின் துவாரம், அது திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். துவாரம் எஃப் 8, உணர்திறன் 100, நேரம் 8 வினாடி என்று தொடங்கலாம். உணர்திறனை 800 ஆக்கினால், அதாவது எட்டு மடங்காக்கினால், நேரம் 1 வினாடியாகக் குறையும். ஆனால் உணர்திறன் கூடக்கூடப் படத்திற் புள்ளிகள் மணல் தூவியதுபோலத் தோன்றும். ஆகவே உணர்திறனைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, கமராவை முக்காலியில் நிறுத்துவதே சிறந்தது. பொத்தானை விரலால் அழுத்தும் அசைவையும் தவிர்க்க, 2 வினாடி கழித்துத் தானே இயங்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரே காட்சியை 4, 8, 16 வினாடிகளில் மூன்று படங்களாக எடுத்து, விளக்குகள் வெளிறிப்போகாததைத் தெரிவு செய்யுங்கள்.

முக்காலியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். நான் முதன்முறை அவ்வாறே செய்தேன். ட்ராம் வண்டி ஒன்று கடந்தது. காலடியில் பாலம் நடுங்கியது. என் அன்னம் இரட்டைக் கழுத்துடன் வந்தது! கரையிலுள்ள உறுதியான நிலமே ஏற்றது. வடகரையிலுள்ள வில்லெம்ஸ்காடாவில் நின்றால் பாலமும், எதிர்க்கரையின் உயர்ந்த மாடிகளும், நீரில் அவற்றின் ஒளியும் ஒருங்கே அமையும்.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் மனந்தளர வேண்டாம். அதன் இரவுமுறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. ஒரு கம்பத்திலோ மதிலிலோ சாய்த்துப் பிடித்தாற் போதும்.

எப்பொழுது எடுப்பது?

முழு இருட்டில் அன்று. சூரியன் மறைந்தபின் வானம் கருநீலமாக இருக்கும் அந்திப்பொழுதிலேயே எடுத்தல் வேண்டும். அப்போதுதான் வானின் ஒளியும் விளக்கின் ஒளியும் சமப்படும். இருட்டியபின் கோபுரத்துக்குப் பின்னே கருமை மட்டுமே எஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் இந்த அந்தி ஏறத்தாழ 20 நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழிறங்குகிறது. ரொட்டர்டாமிலோ சரிவாக இறங்குவதால் அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்தி நீடிக்கும். யூன் மாதத்தில் முக்கால் மணி வரை செல்லும். டிசம்பரில் மாலை 4.30 மணியளவில் சூரியன் மறைவதால் சிறுவர்க்கு அதுவே வசதியான காலம். கையுறையை மறவாதீர்கள்.

துறைமுகத்தின் கோடுகள்

ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமான ரொட்டர்டாம், நகரிலிருந்து கடல்வரை சுமார் 40 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலத்தின் கீழ் இரவிலும் சரக்குப் படகுகள் செல்லும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் படகு 8 வினாடியில் ஏறத்தாழ 33 மீற்றர் நகரும். ஆகவே படத்திற் படகு தெரியாது. அதன் விளக்கு ஒரு கோடாக விழும்.

அக்கோட்டை வாசிக்கவும் முடியும். படகின் இடப்புற விளக்கு சிவப்பு. வலப்புற விளக்கு பச்சை. உங்கள் படத்தில் சிவப்புக் கோடு விழுந்தால், படகு தன் இடப்புறத்தை உங்களுக்குக் காட்டியபடி இடப்பக்கமாகச் சென்றது என்பது பொருள். பச்சைக் கோடாயின் வலப்பக்கமாகச் சென்றது. படகு மறைந்த பின்னும் அது சென்ற திசையைப் படம் சொல்லும்.

ஒளிக்கு அஞ்சிய இரவுகள்

1940 மே 14 அன்று நிகழ்ந்த குண்டுவீச்சில் இந்நகரின் நடுப்பகுதி எரிந்தழிந்தது. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். இன்று நாம் படம்பிடிக்கும் ஒளியெல்லாம் அந்தச் சாம்பலின் மேல் எழுந்தது.

நான் வன்னியில் ஆசிரியனாக இருந்த காலத்தில், இரவில் விமான ஓசை கேட்டால் முதலில் விளக்கை அணைப்போம். இங்கு வந்த புதிதில், ஒளிவெள்ளத்தில் நின்ற இப்பாலத்தைக் கண்டபோது என் கை தன்னையறியாமல் ஆளியைத் தேடியது. என் முதல் வகுப்பு மாணவர்களோடு எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது அதுவும் போயிற்று. அவர்களுட் சிலரின் பெயர்கள் நினைவிலுள்ளன, முகங்கள் மங்கிவிட்டன.

ஆதலால் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பாலத்தை மட்டும் எடுக்காதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ தாத்தாவையோ விளக்கடியில் நிறுத்தி, நான்கு வினாடி அசையாதிருக்கச் சொல்லி, பாலத்தோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். பெற்றோர்களே, அதனைத் தொலைபேசியிலேயே விட்டுவிடாமல் அச்சிட்டுக் கொடுங்கள். மாணவர்களே, அதன் பின்புறத்தில் நாளையும் இடத்தையும் நிற்பவரின் பெயரையும் தமிழில் எழுதுங்கள்.

விழா முடிந்து வகுப்புத் தொடங்கும் முதற் சனிக்கிழமை அப்படங்களைக் கொண்டு வாருங்கள். வகுப்பறைச் சுவரில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.