மேடை நிகழ்ச்சி ஒலிப்பதிவைத் திறனாய்தல்: ஜெர்ரி லீ லூயிசின் ஹாம்பர்க் இசைத்தட்டு

முன்னுரை

மேடை நிகழ்ச்சியொன்றின் ஒலிப்பதிவைத் திறனாய்வு செய்வோர் பலரும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குரிய அளவுகோலையே கையாள்கின்றனர். குரல் தெளிவாக ஒலிக்கின்றதா, பக்கக் கருவிகள் தாளம் பிசகாமல் இசைந்து செல்கின்றனவா, இரைச்சல் கலவாது உள்ளதா என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் அவர்தம் மதிப்பீடு முடிந்துவிடுகின்றது. இவ்வளவுகோல் மேடைப் பதிவுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதனை, அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் (1935–2022) 1964ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நிகழ்த்திய இசை நிகழ்ச்சியின் பதிவைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சியின் பின்புலம்

லூசியானா மாநிலத்தின் ஃபெரிடே என்னும் சிற்றூரில் பிறந்த லூயிஸ், மெம்பிஸ் நகரத்துச் சன் நிறுவனத்தின் வழியாக 1957ஆம் ஆண்டில் பெரும்புகழ் எய்தினார். ‘ஹோல் லாட்டா ஷேக்கிங்’, ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆகிய இரு பாடல்களும் அவ்வாண்டில் வெளிவந்தவை. மறு ஆண்டு மே மாதம் அவர் இங்கிலாந்து சென்றபோது, உறவுமுறைச் சிறுமியும் பதின்மூன்றே வயதினளுமான ஒருத்தியை அவர் மணந்திருந்த செய்தியை நாளிதழ்கள் வெளிப்படுத்தின. பயணம் பாதியில் நின்றது. அமெரிக்க வானொலி நிலையங்களும் அவரைப் புறக்கணித்தன.

1964 ஏப்ரல் 5ஆம் நாள் ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப் மேடையில் அவர் பாடியபோது, இசையுலகின் கவனம் வேறு திசையில் இருந்தது. அதற்கு முதல் நாள் தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களிலும் பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களே இருந்தன. அக்குழுவினரும் 1962ஆம் ஆண்டில் இதே மேடையில் பாடியவர்கள் என்பது கருதத்தக்கது. லூயிசுக்குப் பக்கபலமாக வாசித்தவர்கள் நாஷ்வில் டீன்ஸ் குழுவினர். அமெரிக்க நகரொன்றின் பெயரைத் தாங்கியிருப்பினும் அவர்கள் ஆங்கிலேய இளைஞர்களே.

ஒலிப்பதிவும் ஒரு படைப்பே

மேடைப் பதிவு, நடந்ததை நடந்தவாறே காட்டும் கண்ணாடி எனக் கருதப்படுவதுண்டு. ஆயினும் ஒலிவாங்கியை எங்கு வைப்பது என்னும் முடிவே கேட்போர் எதனைக் கேட்பர் என்பதனை வரையறுத்துவிடுகின்றது. இப்பதிவின் தயாரிப்பாளர் சிக்கி லோச், கருவிகளுக்கு மிக அருகில் ஒலிவாங்கிகளை அமைத்தார். அரங்கின் ஒலியைப் பெற வேறோர் ஒலிவாங்கியை அவையினரிடையே வைத்தார். இதனால் பியானோவும் குரலும் கேட்போரை நெருங்கி மோதுகின்றன. பியானோவின் அடியொலி சில இடங்களில் சிதைந்தும் ஒலிக்கின்றது.

சன் நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டுப் பதிவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘ஹோல் லாட்டா ஷேக்கிங்’ பாடலின் கூடப் பதிவில் பியானோ, கித்தார், டிரம்ஸ் என்னும் மூன்றே கருவிகள் உள்ளன. ஒலிநாடாவின் வழி உண்டாக்கிய எதிரொலி குரலுக்கு ஓர் இடைவெளியைத் தருகின்றது. ஒவ்வொரு கருவியும் தனித்துக் கேட்கின்றது. ஹாம்பர்க் பதிவில் அவ்விடைவெளி இல்லை. தெளிவை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஹாம்பர்க் பதிவு தாழ்ந்ததாகவே தோன்றும். எனினும் நெரிசல் மிகுந்த அரங்கில், மேடைக்கு அண்மையில் நிற்பவர் உணரும் அழுத்தத்தை அதுவே தருகின்றது.

தட்டின் வடிவமும் நிகழ்ச்சியை மாற்றியமைக்கின்றது. ரே சார்லசின் ‘வாட் ஐ சே’ பாடல் இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கிடையே இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அன்று பாடப்பட்ட ‘டவுன் தி லைன்’ முதலில் வெளிவந்த தட்டில் இடம்பெறவே இல்லை. ஆகவே, ஏறத்தாழ 37 நிமிடங்கள் ஒலிக்கும் இத்தட்டை முழு நிகழ்ச்சியாகக் கொள்வது பொருந்தாது.

பாடகர், குழுவினர், அவையினர்

லூயிஸ் வேகத்தைக் கூட்டும்போது குழுவினர் அவரைப் பின்தொடர முயல்வது பல இடங்களில் கேட்கின்றது. கூடப் பதிவாயின் இது குறையாகும்; மீண்டும் வாசிக்கச் செய்திருப்பர். மேடையிலோ, அடுத்து எங்கே செல்வார் என அறியாத குழுவினருக்கும் பாடகருக்கும் இடையிலான இழுவிசையாக அது மாறிவிடுகின்றது. அவையினர் அவர் பெயரை ஓங்கிக் கூவுவதும் பதிவாகியுள்ளது. அக்கூவலுக்கு விடையிறுப்பது போல அடுத்த பாடல் எழும்போது, அவையும் நிகழ்ச்சியின் பங்காளியே என்பது புலனாகின்றது.

பாடல் தேர்வும் ஆய்வுக்குரியது. தம் வெற்றிப் பாடல்களோடு, எல்விஸ் பிரெஸ்லியாலும் லிட்டில் ரிச்சர்டாலும் புகழ்பெற்ற ‘ஹவுண்ட் டாக்’, ‘லாங் டால் சாலி’ ஆகியவற்றையும் லூயிஸ் பாடுகின்றார். பிறர் பாடல்களைத் தம் பியானோவுக்குரியனவாக ஆக்கிக்கொள்வதே அவர்தம் தனித்திறன்.

புறக்கணிக்கப்பட்ட கலைஞரின் சினமே இப்பதிவில் வெடிக்கின்றது எனப் பொருள்கொள்வோர் உளர். கவர்ச்சியான இவ்விளக்கத்திற்கு அவர்தம் வாழ்க்கை வரலாறே அடிப்படை. ஒலியை மட்டும் கேட்பின், ஹாங்க் வில்லியம்சின் ‘யுவர் சீட்டிங் ஹார்ட்’ பாடலை அவர் வேகம் தணித்து நாட்டுப்புறப் பாங்கில் பாடும் பகுதி அவ்விளக்கத்திற்குள் அடங்குவதில்லை. வரலாற்றறிவு திறனாய்வாளனுக்குத் தேவை. கேட்காத ஒன்றைக் கேட்டதாகக் கொள்ள அது இடந்தரலாகாது. அவ்வாறே, சிறுமியை மணந்த செயலை இசையின் சிறப்புக் கொண்டு மறைப்பதும், அச்செயல் கொண்டு இசையைக் கேளாமலே ஒதுக்குவதும் திறனாய்வாகா.

முடிவுரை

ஒப்பந்தச் சிக்கலால் நீண்ட காலம் அமெரிக்காவில் வெளியிடப்படாத இத்தட்டு, இன்று ராக் அண்ட் ரோலின் மிகச்சிறந்த மேடைப் பதிவுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. மேடைப் பதிவைத் திறனாய்வோர் பாடியவரின் திறனோடு நின்றுவிடாமல், கேட்ட அவையினரின் பங்கையும், பதிவு செய்தவரின் தெரிவுகளையும், தட்டில் விடுபட்டவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பிழையெனத் தோன்றும் இடங்களுள் பயிற்சிக் குறைவால் நேர்ந்தவை எவை, அந்நேரத்து உயிர்ப்பால் விளைந்தவை எவை எனப் பகுத்தறிவதே இத்திறனாய்வின் முதன்மைப் பணி. அப்பகுப்பைச் செய்யாத மதிப்புரை, எத்துணை நுட்பமான செவியுடையவர் எழுதினும், நிகழ்ச்சியை விட்டுவிட்டு ஒலியின் தூய்மையை மட்டுமே அளந்ததாக முடியும்.