ராசியா? திறமையா? கல் ரோட்டுப் பந்தயம் சொல்லும் பதில்



"அவனுக்கு ராசி இருந்துச்சு, ஜெயிச்சுட்டான். எனக்கு ராசி இல்ல, பஞ்சர் ஆயிடுச்சு." இதைக் கேட்காத ஆள் நம்ம பள்ளியில் உண்டா? பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது அல்லவா? அது முடிந்த மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டில் இந்தப் பேச்சுதான். செயின் கழன்றவர், பஞ்சரானவர், முன்னால் விழுந்தவர் மேல் மோதியவர் என்று ஆளுக்கு ஒரு கதை இருக்கும். அதில் நன்றாக ஓட்டக்கூடிய சிலரே, "இனிமே பேரே குடுக்க மாட்டேன், எல்லாம் ராசிதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரிதானா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இதற்காக நான் எடுத்துக்கொண்டது, உலகத்திலேயே ராசிக்குப் பேர் போன ஒரு சைக்கிள் பந்தயம். அதன் பெயர் பாரிஸ்-ரூபே. "வடக்கின் நரகம்" என்றும் சொல்வார்கள்.

அது என்ன பந்தயம்?

பிரான்ஸ் நாட்டின் வடக்கே ரூபே என்று ஒரு ஊர். நம்ம குமாரபாளையம், பள்ளிபாளையம் மாதிரி துணி உற்பத்திக்குப் பேர் போன ஊர். அங்கே இரண்டு மில் முதலாளிகள் சேர்ந்து 1896-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கினார்கள். முதல் வருடம் ஜெயித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜோசப் ஃபிஷர். பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1977 முதல் கோம்பியேன் என்ற ஊரில்தான் புறப்படுகிறார்கள். மொத்தம் சுமார் 260 கி.மீ. சேலத்தில் இருந்து மதுரை போவதைவிட அதிகம்!

தூரம் பெரிய விஷயம் இல்லை. அதில் சுமார் 55 கி.மீ. கல் பாவிய ரோடு, 30 துண்டுகளாக வருகிறது. ஏறக்குறைய சேலம்-நாமக்கல் தூரம் அத்தனையும் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பிராகாரத்துக் கல் மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தனித்தனிக் கற்களை மண்ணில் பக்கம் பக்கமாகப் பதித்த பழைய வண்டிப்பாதை அது. குதிரை வண்டியும் டிராக்டரும் போய்ப் போய் ஒரு கல் மேலே நிற்கும், ஒரு கல் உள்ளே போயிருக்கும், நடுவில் சந்து இருக்கும். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் கண்ணை மறைக்கும் புழுதி. ஜல்லி கொட்டிவிட்டு ரோலர் ஓட்டாமல் போட்டு வைத்த ரோட்டில் ஒரு தடவை சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் கொஞ்சம் புரியும்.

இப்போது பட்டிமன்றம் மாதிரி இரண்டு கட்சியையும் கேட்போம்.

ராசிக் கட்சி பேசுகிறது

"1949-ஆம் வருடத்தைப் பாருங்கள். முடிவிடத்துக்குப் பக்கத்தில், முன்னால் வந்தவர்களைத் தப்பான வழியில் அனுப்பிவிட்டார்கள். ஆந்த்ரே மாஹே வேறு வாசல் வழியாக மைதானத்துக்குள் வந்தார். சரியான வழியில் பின்னால் வந்தவர் செர்ஸே கோப்பி. யார் ஜெயித்தது என்று பெரிய தகராறு. கடைசியில் இரண்டு பேருமே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். வழி காட்டினவர் செய்த தப்புக்கு ஓட்டினவர் என்ன செய்வார்?

2006-ல் ஜார்ஜ் ஹின்கேப்பி என்ற அமெரிக்க வீரருக்கு ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயே ஓட்டத்தின் நடுவில் முறிந்துவிட்டது. ஆள் கீழே. அதோடு போட்டியும் முடிந்தது.

2023-ல் வான் ஆர்ட், வான் டெர் பூல் இரண்டு பேரும் முன்னணியில் போனார்கள். கடைசிப் பெரிய கல் ரோட்டில் வான் ஆர்ட்டுக்குப் பஞ்சர். வான் டெர் பூல் தனியாகப் போய் ஜெயித்தார். வான் ஆர்ட் மூன்றாவது இடம்.

இன்னும் ஒன்று. 2014 முதல் 2022 வரை நடந்த 8 பந்தயங்களில் 8 வேறு வேறு ஆட்கள் ஜெயித்தார்கள். 2020-ல் கொரோனாவால் பந்தயமே இல்லை. திறமைதான் எல்லாம் என்றால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஜெயித்திருக்க வேண்டாமா?"

கேட்டால் சரியாகத்தான் படுகிறது, இல்லையா? அவசரப்படாதீர்கள்.

திறமைக் கட்சி பேசுகிறது

"திரும்பத் திரும்ப ஜெயித்தவர்களும் இருக்கிறார்களே! ரோஜர் டி வ்லாமின்க் 1972, 1974, 1975, 1977 என்று நான்கு தடவை. டாம் பூனன் 2005, 2008, 2009, 2012 என்று நான்கு தடவை. வான் டெர் பூல் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று வருடம்.

நீங்கள் சொன்ன அந்த 8 பேர் மட்டும் யார்? அதில் பீட்டர் சாகன் மூன்று முறை உலக சாம்பியன். ஃபிலிப் ஜில்பர் 2012 உலக சாம்பியன். வான் ஆவெர்மட் 2016 ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கியவர். சீட்டுக் குலுக்கினால் இப்படியா பெயர் வரும்?

2025-ஐப் பாருங்கள். பொகாச்சார் முடிவுக்குச் சுமார் 38 கி.மீ. இருக்கும்போது ஒரு வளைவில் வேகத்தைச் சரியாகக் கணிக்காமல் விழுந்தார். 'அதனால்தான் வான் டெர் பூல் ஜெயித்தார்' என்பார்கள். ஆனால் அதே பந்தயத்தில் வான் டெர் பூலுக்கும் பஞ்சர் ஆனது! சைக்கிளை மாற்றிக்கொண்டு போய் 1 நிமிடம் 18 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். கெட்ட ராசி இரண்டு பேரிடமும்தான் வந்தது. ஒருவர் கையில் அதைத் தாங்குவதற்கு நேரம் மிச்சம் இருந்தது."

கணக்கு என்ன சொல்கிறது?

பேச்சு போதும், கொஞ்சம் கணக்குப் போடுவோம். பிளஸ் ஒன் நிகழ்தகவுப் பாடம் படித்தவர்களுக்கு இது சுலபம்.

பந்தயத்தில் சுமார் 175 பேர் ஓட்டுகிறார்கள். முழுக்க முழுக்க ராசிதான் என்றால் எல்லோருக்கும் சம வாய்ப்பு. 2023-ல் ஜெயித்தவரே 2024, 2025 இரண்டிலும் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 175 x 175 = 30,625. அதில் ஒன்று! சரி, ஜெயிக்கக்கூடியவர்கள் 10 பேர்தான், அவர்களுக்குள் மட்டும் ராசி என்று வைத்தாலும் 100-ல் ஒன்று. ஆக, ராசி மட்டும் என்ற வாதம் நிற்காது.

இன்னொரு கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கல் ரோட்டில் ஒவ்வொருவரும் விழ வாய்ப்பு 100-ல் 1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குறுகலான ரோடு, முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர் மாட்டிக்கொள்வார். உங்களுக்கு முன்னால் 4 பேர் போனால், ஒருவரும் விழாமல் இருக்க வாய்ப்பு சுமார் 96 சதவீதம். முன்னால் 60 பேர் போனால்? 0.99-ஐ 60 தடவை பெருக்குங்கள். சுமார் 55 சதவீதம்தான்! அதாவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆபத்து.

"முன்னாடி போனவன் விழுந்தான், என் ராசி" என்கிறோம். ஆனால் நமக்கு முன்னால் எத்தனை பேர் போகிறார்கள் என்பது ராசி இல்லையே! அதனால்தான் ஆரன்பெர்க் காட்டு ரோட்டுக்கு முன்னால், அதுவே முடிவிடம் என்பது போல எல்லோரும் முந்தப் பார்க்கிறார்கள். முதல் பத்துக்குள் போய்விட்டால் பாதி கெட்ட ராசி பின்னாலேயே நின்றுவிடும்.

பஞ்சர் கூடப் பாதி நம் கையில்

பஞ்சர் என்றால் சுத்தமான ராசி என்று நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. டியூபில் காற்று ரொம்ப அதிகமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் சைக்கிளைத் தூக்கிப் போடும். பிடிப்பும் குறையும், கையும் மரத்துப்போகும். காற்று ரொம்பக் குறைவாக இருந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சர் கடை அண்ணனைக் கேட்டுப் பாருங்கள், அந்த இரட்டை ஓட்டையை அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. முன்பெல்லாம் 25 மி.மீ. அளவில் டயர் போட்டு ஓட்டினார்கள். இன்றைக்கு 30 மி.மீ.க்கு மேல் அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைத்து ஓட்டுகிறார்கள்.

லாரிக்குப் பேர் போன நம்ம நாமக்கல் பக்கம் இது புதிதா என்ன? வண்டி எடுப்பதற்கு முன்னால் டிரைவர் ஒவ்வொரு டயரையும் ராடால் தட்டிச் சத்தம் கேட்பார். ராசியை நம்பினால் அவர் எதற்குத் தட்ட வேண்டும்?

ஓட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. காய்ந்த கல் ரோட்டில் நடுமேட்டில்தான் ஓட்டுவார்கள். ஓரத்தில் கூரான கல்லும் குப்பையும் சேர்ந்திருக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள். மெதுவாகப் போனால் சக்கரம் ஒவ்வொரு சந்திலும் இறங்கி ஏறும், அதனால் கனமான கியரில் வேகத்தை விடாமல் அழுத்துவார்கள். இதெல்லாம் பல வருடம் ஓட்டி ஓட்டி வருவது.

உங்களுக்குத் தெரியுமா?

* ஜெயிப்பவருக்குக் கொடுக்கும் பரிசு அந்த ரோட்டுக் கல் ஒன்று!

* ஆரன்பெர்க் ரோட்டைப் பந்தயத்தில் சேர்க்கச் சொன்னவர் ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி. அந்த ரோட்டுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பிறகு உலக சாம்பியன் ஆனார். 1968-ல் அந்த ரோடு பந்தயத்தில் சேர்ந்தது.

* பெண்களுக்கான பந்தயம் 2021-ல்தான் தொடங்கியது. முதலில் ஜெயித்தவர் இங்கிலாந்தின் லிஸி டெய்னன். சுமார் 80 கி.மீ. தனியாக ஓட்டினார். முடிக்கும்போது உள்ளங்கையில் ரத்தம்.

தீர்ப்பு

இரண்டு கட்சியையும் கேட்ட பிறகு என் தீர்ப்பு இது. ஒரு நாள் பந்தயத்தில் ராசிக்கு நிச்சயம் பங்கு உண்டு. 2023-ல் வான் ஆர்ட்டுக்கு ஆன பஞ்சரை "திறமை இல்லை" என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் கடைசி 10 பேரில் யார் யார் இருப்பார்கள் என்பதைத் திறமை முடிவு செய்கிறது. அந்தப் பத்துப் பேரில் அன்றைக்கு யார் என்பதில்தான் ராசி விளையாடுகிறது. ஒரு வருடத்தைப் பார்த்தால் ராசி பெரிதாகத் தெரியும். பத்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் திறமை பெரிதாகத் தெரியும்.

திருவள்ளுவரும் 38-ஆவது அதிகாரமாக ஊழை வைத்தார், 62-ஆவது அதிகாரமாக ஆள்வினை உடைமையை வைத்தார். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை அவர் அழித்துவிடவில்லையே!

சரி, நமக்கு என்ன?

அண்ணா போட்டியில் 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கின்றன. அப்படியென்றால் ஒருவருக்குப் பல வருடம் வாய்ப்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சைக்கிள் தகராறு செய்யும் என்று வைத்துக்கொண்டாலும், தொடர்ந்து மூன்று வருடமும் தகராறு செய்ய வாய்ப்பு 27-ல் ஒன்றுதான். ஒரு தடவை பஞ்சரானதும் பேர் கொடுக்காமல் இருந்துவிட்டால், மீதி 26 பங்கையும் நாமே தூக்கிக் கொடுத்ததாக ஆகும்.

மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலிய வீரருக்கு 2016 பிப்ரவரியில் கை எலும்பு முறிந்தது. பாரிஸ்-ரூபேக்கு ஆறு வாரம்தான் இருந்தது. ரோட்டில் ஓட்ட முடியாததால் வீட்டுக்குள் நிறுத்தி வைத்த சைக்கிளில் பயிற்சி எடுத்தார். ஏற்கெனவே பல வருடம் ஓட்டி ஒரு தடவையும் ஜெயிக்காதவர் அவர். அந்த ஏப்ரலில், 37 வயதில், நான்கு தடவை ஜெயித்த பூனனையே முடிவிடத்தில் முந்தி முதலாவதாக வந்தார். "ராசிக்காரர்" என்றார்கள். அத்தனை வருடம் ஓட்டாமல் விட்டிருந்தால் அந்த ராசி யாரைத் தேடி வந்திருக்கும்?

ஆகவே நண்பர்களே, போட்டிக்கு முதல் நாள் காற்றைப் பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், தொளதொள என்று இருந்தால் இழுத்துக் கட்டுங்கள். பிரேக் கட்டையைப் பாருங்கள். புறப்படும் இடத்துக்குச் சீக்கிரம் போய் முன்வரிசையில் நில்லுங்கள். ஓட்டும்போது முன் சக்கரத்தைப் பார்க்காமல் இருபது அடி முன்னால் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் முள் குத்தினால், அதற்கு ராசி என்று பேர் வைத்துவிட்டு, அடுத்த வருடமும் பேர் கொடுங்கள்!

- பிளஸ் ஒன், கணிதப் பிரிவு மாணவன்